சுவரில் ஒரு முகவாய்

"பட்டாணி அளவுன்னா எவ்வளவு, காட்டு" என்றார் தோல் டாக்டர்.

சின்னவள் ஆள்காட்டி விரலின் நுனியைக் காட்டினாள். "இவ்வளவுதான் டாக்டர். நெத்தி, ரெண்டு கன்னம், முகவாய்னு தொட்டு வச்சுப் பரப்புவேன். கண்ணுப் பக்கம், மூக்கு ஓரம், வாய் ஓரம் போகமாட்டேன்."

"முகம் கழுவின ஈரத்தோடயா?"

"இல்ல, நல்லாக் காய விட்டுதான். ஆரம்பத்துல எரிஞ்சப்ப நீங்க சொன்ன மாதிரி ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி. இப்ப தினமும்."

"பகல்ல?"

"சன்ஸ்கிரீன் மட்டும்."

"எல்லாம் சரியாத்தான் சொல்ற. அப்புறம் எப்படிம்மா பருவுக்குக் குடுத்த ஜெல் ட்யூப் அதுக்குள்ள காலியாச்சு? புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்கன்னு வந்து நிக்கற. இதுக்கு நடுவுல வேற வாங்கியிருக்கன்னு நீயே சொல்ற."

"தீரத் தீர அம்மா வாங்கிட்டு வந்துடுவாங்க டாக்டர்."

டாக்டர் விளக்கைத் திருப்பி அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். தேர்வுத்தாள் திருத்தும்போது விடைகள் எல்லாம் சரியாக இருந்தால் சில ஆசிரியர்களுக்கு வரும் சந்தேகம் அவர் கண்ணில் இருந்தது.

"அவ்வளவையும் நீ போட்டிருந்தா உன் முகம் இந்நேரம் உரிஞ்சு தொங்கணும். சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு. அப்ப மீதி எங்க போச்சு? யாருக்காவது குடுத்தியா?"

"இல்லவே இல்ல."

"குடுத்துடாத. இது உன் தோலைப் பாத்து உனக்கு எழுதினது. முக்கியமா மாசமா இருக்கறவங்க, குழந்தைக்கு முயற்சி பண்றவங்க இதைத் தொடவே கூடாது. உன்கிட்டயும் ஒவ்வொரு தடவையும் அதான் கேக்கறேன், கல்யாணப் பேச்சு ஏதாவது இருக்கான்னு."

"அதுக்கு முதல்ல முகம் சரியாகட்டும்னு வீட்ல சொன்னாங்க டாக்டர்."

"இப்ப சரியாயிடுச்சே. இனி வேற சாக்கு தேடுவாங்க" என்று டாக்டர் சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

சின்னவளின் கதை பெரும்பாலும் அவள் முகத்தில்தான் நடந்துவருகிறது. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கிலும் காதிலும் ஃபிரேமைப் பொருத்திச் சரிபார்க்கிற வேலை. அதாவது, முன்பின் தெரியாதவர்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். பருக்கள் நிறைந்த முகத்தோடு அப்படி நிற்பது என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு குழந்தை மட்டும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தது.

அப்பா போன பிறகு அவர்கள் குடும்பம் அத்தை வீட்டு மாடியில் குடியிருக்கிறது. அம்மா, அண்ணன், அண்ணி, இவள். கீழே அத்தை. அப்பாவின் அக்காவான இவர் அழகுநிலையம் நடத்துகிறவர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். 'இயற்கைச் சரும ஆலோசனை மையம்' என்று சொல்ல வேண்டும். அண்ணன் அவருக்கு வைத்த பெயர் 'பளபள அத்தை'. அத்தை அரைத்துக் கொடுத்த இலைகளையெல்லாம் வருஷக்கணக்கில் பூசிப் பார்த்து, பச்சை நிறத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல், சின்னவள் ஒருநாள் தானாகவே தோல் டாக்டரிடம் போனாள். அத்தை அன்று சாப்பிடவில்லை. "ரசாயனத்தை முகத்தில் பூசிக்கொள்ளும் வம்சமாகிவிட்டோமா" என்று மேடைத் தமிழில் கேட்டார்.

முதல் சில வாரங்கள் முகம் இன்னும் மோசமானது. அப்படித்தான் ஆகும், பொறுத்துக்கொள், நிறுத்தாதே என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் பொறுத்தவர் அம்மா ஒருவர்தான். ராத்திரியானால் துண்டை எடுத்துக் கொடுப்பார். "பட்டாணி அளவுதான், அப்பிக்காத" என்று பக்கத்தில் நின்று சொல்வார். மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்கச் சொன்னார் டாக்டர். அதையும் அம்மாதான் தன் போனில் எடுத்து வைத்தார்.

போன வாரம் அண்ணி அவளை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு விஷயம் சொன்னாள். குழந்தை தங்கியிருக்கிறது. முன்பு ஒன்று தங்காமல் போனபோது அண்ணன் உடைந்துபோனது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஸ்கேன் பார்க்கும்வரை அவனுக்குக்கூடச் சொல்லவில்லை. "உனக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் மூச்சு விடாத." சின்னவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

டாக்டரிடமிருந்து கிளம்பிக் கடைக்குப் போய்ச் சேரும்வரை, அவர் கேட்ட அந்த 'மீதி' அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கடையில் ஒரு சண்டை அவளுக்காகக் காத்திருந்தது.

"இது ஃபிரேமா, சூட்டுக்கோலா?" என்று முதலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஓர் ஓவிய டீச்சர். "போட்டா மூக்கு பத்தி எரியுது. பாருங்க."

முதலாளி பார்த்தார். அவருடைய அனுபவத்தில் ஃபிரேம்கள் தப்பு செய்ததில்லை. மூக்குகள்தான் செய்திருக்கின்றன. "உங்க மூக்கு கொஞ்சம் நுட்பமான மூக்கு டீச்சர்" என்றார்.

"மூக்கு நாப்பது வருஷமா அதே மூக்குதான். கண்ணாடிதான் புதுசு."

"பாப்பா, கொஞ்சம் கவனி" என்று சின்னவளிடம் அந்த மூக்கை ஒப்படைத்துவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். மூக்கின் இரு பக்கமும், ரப்பர் திண்டு உட்காரும் இடத்தில், சிவந்து மெல்லிய செதிலாக உரிந்திருந்தது. ஆனால் உரிந்திருந்தது அங்கே மட்டுமில்லை. வாயோரத்தில் வெடிப்பு. மூக்கோரத்தில் பாளம் பாளமாகத் தோல். கன்னத்தில் வெயிலில் காய்ந்த சிவப்பு. இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஜெல் போட ஆரம்பித்த புதிதில், அவசரப்பட்டு ஒருநாள் அள்ளிப் பூசிக்கொண்டபோது, கண்ணாடியில் அவளைப் பார்த்து விழித்த முகம் இதேதான்.

"டீச்சர், முகத்துக்கு ஏதாவது மருந்து போடறீங்களா?"

"மருந்தா? நான் மருந்துப் பக்கமே போறதில்லைம்மா. சுத்த இயற்கை. இலைக் களிம்பு. காலையில கைநிறைய எடுத்துத் தேச்சுக்கிட்டு அப்படியே ஸ்கூலுக்குப் போயிடுவேன்."

"இது உரியறதைப் பத்திக் களிம்பு குடுத்தவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. பழைய தோல் விடைபெறுதாம். நச்சு வெளியேறுதாம். அழகா விளக்கினாங்க. பாதி புரியல, ஆனா கேக்க நல்லா இருந்தது."

சின்னவளுக்கு அந்தத் தமிழை எங்கோ கேட்டது போல இருந்தது. திண்டை மாற்றினாள். காதுக் கம்பியைச் சுடுகாற்றில் காட்டி லேசாக வளைத்தாள். கண்ணாடியைத் துடைத்து டீச்சரின் முகத்தில் மாட்டி, சாய்வு சரியா என்று ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தாள்.

டீச்சரும் அவளைப் பார்த்தார். கண்ணாடி வழியாக முதலில் தெளிவாகத் தெரிந்தது இவள் முகம்தான் போல. பார்த்தபடியே கையை உயர்த்தி, படம் வரைகிறவர்கள் அளவெடுப்பது மாதிரி, இவள் கண்களை விரலால் மறைத்தார்.

"அட, நீதானா அது?"

"எது டீச்சர்?"

"சுவத்துல இருக்கற பொண்ணு. களிம்பு குடுக்கற இடத்துல பெரிசா ரெண்டு படம் ஒட்டியிருக்காங்க. முதல் படத்துல முகமெல்லாம் பரு, ரெண்டாவதுல சுத்தமா இருக்கு. கண்ணு தெரியக் கூடாதுன்னு ஒரு பூ ஒட்டி மறைச்சிருக்காங்க. ஆனா இந்த முகவாயை நான் மறக்கமாட்டேன். கீழ குழி, குழிக்குப் பக்கத்துல மூணு மச்சம். அதைப் பாத்து நம்பித்தானே நான் ரெண்டு டப்பா வாங்கினேன்."

"எந்த இடம் டீச்சர் அது?"

டீச்சர் தெருவைச் சொன்னார். அத்தை சமீபத்தில் திறந்த இரண்டாவது மையம் அங்கேதான் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்ட அத்தை சின்னவளை மட்டும், "கடையில லீவு கேக்காத கண்ணு, வேலைதான் முக்கியம்" என்று அக்கறையோடு தடுத்திருந்தார். அந்த அக்கறையில் அன்று அவளுக்குக் கண்கூடக் கலங்கியது.

"களிம்பை நிறுத்திடுங்க டீச்சர். வெயில்ல போகாதீங்க. ஒரு தோல் டாக்டரைப் பாருங்க."

"ஏம்மா, உனக்கு நல்லாத்தானே கேட்டிருக்கு?"

சின்னவள் கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினாள். பருவோடு இருக்கும் அந்த முதல் படம் உலகத்தில் ஒரே ஒரு போனில்தான் இருந்தது.

*

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். சின்னவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டாள்.

"என் படத்தை அத்தைகிட்ட குடுத்தியா?"

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். எந்தப் படம் என்று கேட்டிருந்தால்கூடச் சின்னவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சியிருக்கும். அம்மா கேட்கவில்லை.

"கண்ணை மறைச்சுடறேன்னு சொன்னாங்க."

"ட்யூபையும் குடுத்தியா?"

"குட்டி, மெதுவாப் பேசு. கீழ கேக்கும்."

"எத்தனை குடுத்த?"

"உன் சீட்டைக் காட்டினா அந்த மருந்துக் கடையில குடுத்தாங்க. அப்பப்ப வாங்கினேன். ஒரு தடவை கடைக்காரர் ஏன் இவ்வளவுன்னு கேட்டார், அதனால உன் ட்யூப்லேர்ந்தும் கொஞ்சம் பிதுக்கி..." அம்மா தலையணை உறையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன் முகம் தெளிஞ்சதும் உங்க அத்தை என்னைக் கூப்பிட்டு வச்சு அழுதாங்கடி. வர்றவங்க எல்லாம் உன்னைக் காட்டி, உங்க வீட்டுப் பொண்ணே டாக்டர்கிட்டதான் போகுதாமேன்னு கேட்டாங்களாம். அவங்க வீட்டு மாடியில குடியிருந்துக்கிட்டு நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ ஒத்துக்கமாட்ட."

"ஆமா. அதனாலதான் சொல்லியிருக்கணும்."

அம்மா உறையை அடுக்கின் மேல் வைத்தார். சின்னவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது. கேட்காமல் இருந்தால் நல்லது என்று தெரிந்தே கேட்டாள்.

"தினம் ராத்திரி பக்கத்துல நின்னு பட்டாணி அளவுதான், பட்டாணி அளவுதான்னு சொன்னியே. அது என் முகத்துக்காகவா, இல்ல மிச்சம் பிடிக்கறதுக்கா?"

அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம்.

"ரெண்டுக்கும்தான்" என்றார்.

சின்னவள் மாடிப்படியில் இறங்கினாள். அம்மா பின்னாலேயே வந்தார்.

*

அத்தை ஆளுயரக் கண்ணாடி முன் நின்று நன்றியுரைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நாளைக்கு மகளிர் சங்க ஆண்டு விழாவில் அவருக்குச் 'சரும சூடாமணி' என்ற பட்டம். சங்கத் தலைவி அத்தையின் வாடிக்கையாளர். பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரும் அத்தைதான்.

"எளியேன் இந்தப் பெருமைக்குத் தகுதியானவளா என்று பலமுறை சிந்தித்தேன்" என்று கண்ணாடியிடம் சொல்லிவிட்டு, எவ்வளவு நேரம் சிந்தித்த மாதிரி நிற்கலாம் என்று நின்று பார்த்தார். அந்த இடைவெளியில் சின்னவள் உள்ளே வந்தாள்.

"அத்தை, சுவத்துலேர்ந்து என் படத்தை எடுத்துடுங்க."

அத்தைக்கு மேடைத் தமிழ் சட்டென்று இறங்கிவிட்டது. "யாரு சொன்னா உனக்கு?"

"ஒருத்தங்க மூக்கு சொல்லிச்சு. உரிஞ்சு ரணமா இருக்கு."

"அது நச்சு—"

"அது என் ஜெல் அத்தை. ராத்திரியில ஒரு துளி போடறதை நீங்க இலைச்சாறுல குழைச்சு, பகல்ல கைநிறையத் தேய்ச்சுக்கச் சொல்லியிருக்கீங்க."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். பிடிபட்டவர்கள் இரண்டு வகை. அழுகிறவர்கள் ஒரு வகை, ஆராய்ச்சிக்குள் நுழைகிறவர்கள் இன்னொரு வகை. அத்தை இரண்டாவது வகை.

"இதோ பாரு கண்ணு. டப்பாவுல இலையும் இருக்கு, ஜெல்லும் இருக்கு. எது வேலை செய்யுதுன்னு யாரால சொல்ல முடியும்? இலைதான் முன்னால நிக்குது, ஜெல் சும்மா துணைக்குப் போகுது. அதுவும் இல்லாம உன் படம் அங்க இருக்கறது உனக்குப் பெருமைதானே. எத்தனை பேர் உன்னைப் பாத்து நம்பிக்கையோட வர்றாங்க தெரியுமா?"

"நான் உங்க களிம்பைப் போடவே இல்ல."

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலியே."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கதவோரம் நின்று புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்டுலயே போடறாங்க" என்று அத்தை தொடர்ந்தார். குரலில் சூடாமணி திரும்பிக்கொண்டிருந்தது. "வெளியாளுக்கு ஒண்ணு, வீட்டாளுக்கு ஒண்ணுன்னு நான் பாக்கறதில்ல. உங்க அண்ணிக்குப் போன மாசமே ஒரு பெரிய டப்பா குடுத்தேன். அவ முகத்தைப் பாத்தியா, எப்படி இருக்குன்னு?"

சின்னவள் பார்த்திருந்தாள். மொட்டைமாடியில், போன வாரம். 'உன் முகமே மாறிப்போச்சு அண்ணி' என்றுகூடச் சொல்லியிருந்தாள். அண்ணி வயிற்றைத் தொட்டுச் சிரித்தபோது, அந்த மினுமினுப்புக்குக் காரணம் அதுதான் என்று நினைத்தாள்.

சத்தியம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் அத்தையிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசினாள்.

"அம்மா. முதல் நாள் ட்யூப் டப்பாவுக்குள்ள இருந்த தாளை உனக்குப் படிச்சுக் காட்டினேன். யார் யார் இதைப் போடக் கூடாதுன்னு இருந்தது. ஞாபகம் இருக்கா?"

"கண்ணுகிட்ட போடக் கூடாது, காயத்து மேல..."

"யார் போடக் கூடாதுன்னு கேட்டேன்."

அம்மாவின் விரலில் சுற்றிய தலைப்பு அப்படியே நின்றது. மெல்ல அவர் பார்வை மேலே போயிற்று. மாடி இருக்கும் பக்கம். அம்மாவுக்கு மருந்து தெரியும், குழந்தை தெரியாது. சின்னவளுக்குக் குழந்தை தெரியும், மருந்து போன வழி தெரியாது. ஒரே வீட்டில் ஆளுக்குப் பாதியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள்.

"ஐயோ" என்றார் அம்மா.

"என்ன ஐயோ? யாரு போடக் கூடாது?" என்று அத்தை கேட்டார். யாரும் பதில் சொல்லாமல் போனது அத்தைக்குப் புதிய அனுபவம்.

*

அண்ணி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஈரத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

சின்னவள் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"உடனே நிறுத்திடுங்க" என்றது டாக்டரின் குரல். "பயந்து நடுங்க வேண்டாம். தோல்ல தடவற இந்த மருந்து உடம்புக்குள்ள ரொம்பக் கொஞ்சம்தான் போகும். ஆனாலும் பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட நாளைக்கே சொல்லணும், மறைக்கக் கூடாது. எவ்வளவு நாளாப் போடறீங்க?"

"போன மாசத்துலேர்ந்து. ரெண்டே நாள்ல முகம் வெளுத்து வழவழன்னு ஆயிடுச்சு. அதான் விடல" என்றாள் அண்ணி.

போனில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாள்லயா?"

"ஆமா டாக்டர்."

"நான் எழுதிக் குடுத்த ஜெல் ரெண்டு நாள்ல அப்படிப் பண்ணாதும்மா. அதுக்கு மாசக்கணக்கு ஆகும், அதுவும் முதல்ல உரியும், சிவக்கும். அந்த டப்பாவுல வேற ஏதோ மருந்தும் கலந்திருக்கு. எதுன்னு தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. டப்பாவைக் கழுவாம, தூக்கிப் போடாம அப்படியே கொண்டாங்க."

போன் அடங்கியது. டப்பா மேசை மேல் இருந்தது. மூடியில் ஒரு பச்சை இலையின் படம்.

"அண்ணி, காலையில முதல் ஆளாப் போயிடலாம். நான் லீவு போடறேன்."

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தபடி கேட்டாள்.

"உனக்கு இது தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது. இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சது."

"அத்தை புது இடம் திறந்தன்னிக்கு நான் போனேன் இல்ல? சுவத்துல உன் முகவாயைப் பாத்தேன். பூ ஒட்டினா எனக்குத் தெரியாதா? மூணு மச்சம். டாக்டர்கிட்ட போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, உள்ளுக்குள்ள இவளும் இதைத்தான் போடறா, அத்தையோட போட்ட சண்டையில வெளியில சொல்ல வெக்கப்படறான்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டேன். அத்தை பேச்சை நான் எந்தக் காலத்துல நம்பியிருக்கேன்? உன் முகத்தை நம்பித்தான் போட்டேன்."

சின்னவளிடம் சொல்வதற்கு நியாயங்கள் இருந்தன, வரிசையாக, எல்லாம் உண்மை. அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்க அம்மாகிட்டகூடச் சொல்லாம உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள் அண்ணி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டு படுத்துவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் சின்னவளின் முகத்தை வீட்டு ஆள் ஒருவர் பார்த்து நம்பியது அதுதான் முதல் தடவை.

சின்னவள் டப்பாவை எடுத்து மூடியை இறுக்கித் துணியில் சுற்றினாள். கதவருகே அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நான் குடுத்தது உன் ட்யூப் மட்டும்தான், குட்டி" என்றார். "இன்னொண்ணை யார் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

நேற்றாக இருந்தால் சின்னவள் நம்பியிருப்பாள்.

கீழே அண்ணனின் வண்டி வந்து நின்றது. ஸ்டாண்ட் போடும் சத்தம். சாவியைச் சுழற்றிக்கொண்டே அவன் முணுமுணுக்கும் பாட்டு. அதன் குறுக்கே, ஸ்பீக்கரில் வந்த பிரசவப் பேச்சைக் கீழே இருந்தே கேட்டுவிட்ட அத்தையின் குரல், பதில் கிடைக்காத எரிச்சலோடு, மாடிவரை தெளிவாக ஏறி வந்தது.

"ஏம்பா, நீயாவது சொல்லு. இந்த வீட்ல யாரு மாசமா இருக்கா?"

பாட்டு நின்றது. அண்ணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் ஒவ்வொரு படியாக. பிறகு இரண்டிரண்டாக.